இடது பக்கம் சாய்ந்த தகடு

லோகப்பிரியாவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். சைக்கிள் பிரேம் வரைகிறவர்கள் எல்லாரும் நெட்டைகள் போலிருக்கிறது. குள்ளமானவர்களுக்கு ஒரு சைக்கிள் செய்யச் சொன்னால், பெரிய சைக்கிளைத் துவைத்துச் சுருங்க விட்டதுபோல் ஒன்றைச் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அதில் பாட்டில் ஹோல்டர் மாட்ட இரண்டு துளைகூட இருக்கும். மாட்டிப் பாட்டிலைச் செருகினால்தான் கூத்து தெரியும். இழுத்தால் மேல் பைப்பில் முட்டும், வெளியே வராது. காலுக்கு நடுவே தண்ணீரை வைத்துக்கொண்டு நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான்.

அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டு வேலை செய்யும் குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்துச் சரவணம்பட்டியில் ஒரு சைக்கிள் கடையில் பில் போட வந்தவள், ஆறே மாதத்தில் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள். பதினோரு வருடம் ஆகிறது. வீல் கோட்டம் எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இது அவளே சொல்லிக்கொள்வது. உண்மையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு வரை ஓட்டிப்போய் வருவாள். கூட வருபவள் சாய்ப்ரியா. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிஷனின் தங்கை. நல்ல உயரம், பெரிய சைக்கிள், அதில் தாராளமாக இரண்டு பாட்டில் நிற்கும். ஒன்று அவளுக்கு, ஒன்று லோகாவுக்கு. ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து, "இந்தா, குடி" என்று நீட்டுவாள். கேட்காமலே நீட்டுவாள். அதற்காகவே லோகா அவளிடம் உயிரையே வைத்திருந்தாள்.

இருந்தாலும் ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் இன்னொருத்தியின் கையைப் பார்ப்பது ஒரு மாதிரிதான் இருந்தது. போன வருடம் கடையில் கிடந்த எவர்சில்வர் தகட்டை வைஸில் பிடித்து வளைத்தாள். நாலு தகடு குப்பைக்குப் போனது. ஐந்தாவது சரியாக வந்தது. பிரேமுக்கும் ஹோல்டருக்கும் நடுவே உட்கார்ந்து, ஹோல்டரை இரண்டு விரற்கடை கீழே இறக்கி, கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கிற தகடு. பாட்டில் மேலே போகாமல் பக்கத்தில் வெளியே வரும். லோகாவுக்கு இடது கைப் பழக்கம், அதனால் இடது பக்கம் சாய்த்திருந்தாள். அவசரத்தில் ஒரு துளையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டாள். அது எதற்கும் உதவாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் நாள் தன் பாட்டிலைத் தானே எடுத்துக் குடித்தபோது சாய்ப்ரியா சிரித்தாள். "இனிமே நான் எதுக்குடி உனக்கு?"

"நீ எப்பவும் வேணும்" என்றாள் லோகா.

குள்ளமான பெண்கள் எத்தனையோ பேர் தண்ணீர் இல்லாமல் ஓட்டுகிறார்கள், அவர்கள் எல்லாருக்கும் இது போக வேண்டும், செய்தது லோகப்பிரியா என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். வாழ்க்கையில் அவள் பட்ட பெரிய ஆசை அதுதான். குண்டும் குழியுமான ரோட்டில் தகடு விரிசல் விடுகிறதா என்று ஒரு மழைக்காலம் முழுக்கத் தானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவது என்று இருந்தாள். சாய்ப்ரியாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஐப்பசியில் சாய்ப்ரியா கேட்டாள், "எங்கண்ணன் மக சின்ன சைக்கிள் ஓட்டிப் பாக்கோணுங்கறா. உன்ற வண்டிய ஒரு வாரம் குடேன்."

யாருக்கும் கொடுக்காத வண்டி. செயினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது தகட்டின் வாஷர்கள் இடம் மாறியிருந்தன. குழந்தை நோண்டியிருக்கும் என்று நினைத்துச் சரிசெய்துகொண்டாள். சந்தேகம் என்று ஒன்று அவள் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தை முடிவதற்குள் ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க. புதுசா வந்திருக்குதாம்."

பெட்டியைப் பிரித்தாள். இடது பக்கம் சாய்ந்த தகடு. அந்தத் தப்பான துளையும் அதே இடத்தில் இருந்தது. ஈயடிச்சான் காப்பி என்று சொல்வார்களே, அதுவேதான்.

உள்ளே ஒரு துண்டுத்தாள், அதில் சாய்ப்ரியாவின் படம். 'சின்ன சைக்கிள் ஓட்டிய காலத்தில் தண்ணீருக்குத் தவித்தேன். அந்தத் தவிப்பில் உருவானது இது' என்று போட்டிருந்தது. ஐந்தடி ஆறு அங்குலக்காரி, சின்ன சைக்கிளில் ஒரு நாளும் ஏறியதில்லை. தகட்டை எடுத்தாள் சரி, லோகா பட்ட தாகத்தையும் அல்லவா எடுத்துக்கொண்டாள்.

லோகா அதை மாட்டிக் கொடுத்தாள். வாடிக்கையாளர் என்ன செய்வார், பாவம். வலது கைப் பழக்கமுள்ள அந்தப் பெண் பாட்டிலை எடுக்க முடியாமல் திண்டாடியது.

இரண்டு ஞாயிறு சாய்ப்ரியா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மூன்றாவது வாரம், புதன்கிழமை மத்தியானம், கடைக்கே வந்து நின்றாள்.

"பாத்துட்டயா?"

"பாத்தேன். மாட்டியும் குடுத்தேன்."

"எங்கண்ணன் அவசரப்பட்டுப்போட்டான். வலது கைக்காரங்க எல்லாம் கொற சொல்றாங்க. அப்படியே திருப்பி வளைச்சா பாட்டில் முன் கியர்ல உரசுது. நீ ஒருக்கா பட்டறைக்கு வந்து பாத்துக் குடேன்."

இவ்வளவுதான் பேச்சு. கடன் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்க மறந்தவள்கூட இதைவிட அதிகம் கூச்சப்படுவாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே. ஏண்டி கேக்கல?"

சாய்ப்ரியா தலையைக் குனியவில்லை. "நீ குடுத்திருப்பீன்னு தெரியும் லோகா. கேட்டு வாங்கியிருந்தா உன்ற பேரையும் போடோணுமில்ல."

தெரியாமல் செய்தாள், அண்ணன் பேச்சைத் தட்ட முடியாமல் செய்தாள் என்று மூன்று வாரமாக லோகா தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டதெல்லாம் வீணாகப் போனது. லோகாவின் நல்ல மனசை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டே கழுத்தறுத்திருக்கிறாள்.

"இனிமே ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேன். நீ போ" என்றாள்.

சாய்ப்ரியா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள். லோகாவின் பாழாய்ப்போன மனசு அப்போதும் காத்திருந்தது. தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அழுதுகொண்டே மன்னித்துவிட்டிருப்பாள்.

"சரி, உன்ற இஷ்டம்" என்றாள் சாய்ப்ரியா. "வலது பக்கத்துக்கு எத்தனை டிகிரி சாய்க்கோணும்னு மட்டும் சொல்லிப்போடு."