இருபதாவது அடியில் ஒரு பெயர்

என்னுடைய மனுசன் பாட்டுக் கட்டும் ஆள் என்பதைக் கலியாணம் பேசும்போது யாரும் சொல்லவில்லை. உரும்பிராயில் வெங்காயத் தோட்டம், நல்ல தண்ணீர்க் கிணறு, இறைக்கிற மிசின், கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார்கள். எண்பத்து மூன்றில் தாலி கட்டி நாலாம் நாள் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனால், ஆள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு நிற்கிறார். வரம்பு உடைந்து தண்ணீர் ஒழுங்கையில் ஓடுகிறது. நான் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தவர், "நீர் வந்தது நல்லதாய்ப் போச்சு. இதை ஒருக்கால் எழுதி வையும், மறந்துபோம்" என்றார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்குப் பின்னேரமே ஒரு கொப்பி வாங்கினேன்.

மெட்டெல்லாம் பழையது: களை பிடுங்கும்போதும் அரிவி வெட்டும்போதும் ஊரில் பாடுகிற மெட்டுத்தான். சொல் மட்டும் அவருடையது. சங்கக்கடை வரிசை, வராத பஸ், வெங்காய விலை, எதையும் விடமாட்டார். என்னையும் பாட்டில் போட்டார். அதில் நான் மழையில்லாமல் இடிக்கிற இடி. கோயில் திருவிழா, கலியாண வீடு என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அச்சுவேலிச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனாலும் இரண்டு பாட்டு வாங்காமல் அனுப்பமாட்டார்கள். நான் பக்கத்தில் கொப்பியோடு இருந்து அடியெடுத்துக் கொடுப்பேன். குரல் இனிமை என்று பொய் சொல்லமாட்டேன், கரகரப்புத்தான். ஆனால் அவர் பாடினால் கேட்கிறவர்களுக்குக் கால் சும்மா நிற்காது. எனக்குச் சரியான பெருமை, ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு சண்டையால் மண்ணெண்ணெய் வராமல் மிசின்கள் படுத்துவிட்டன. எல்லாரும் பழையபடி துலாவுக்குத் திரும்பினார்கள். ஒருவர் அந்த நீண்ட மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையில் மேலே வரும் தண்ணீரை வாய்க்காலில் ஊற்ற வேண்டும். எத்தனை பட்டை என்று எண்ணுவதற்குப் பாட்டு வேண்டும். அவர் ஒன்று கட்டினார். பிள்ளையாரைக் கும்பிட்டு, "ஒண்டாம் பட்டை ஊருக்கு, ரெண்டாம் பட்டை வேருக்கு" என்று தொடங்கிப் பத்தொன்பது அடி போகும். மூன்று மாதத்தில் வலிகாமம் முழுக்க அதைப் பாடினார்கள்.

பண்டத்தரிப்பில் என் தங்கையின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி பார்க்கப் போனோம். ஆறு பிள்ளைகள் மேடையில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவித்த ஆசிரியர், "இது எங்கள் முன்னோர் பாடிய பாட்டு. இயற்றியவர் யாரென்று தெரியாது" என்றார். இயற்றியவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்! நான் எழும்பப் போனேன். அவர் சீலைத் தலைப்பைப் பிடித்து இருத்திவிட்டார். வீட்டுக்கு வந்து பாதிச் சோற்றோடு கையைக் கழுவினார். "உயிரோடை இருக்கேக்கையே என்னை முன்னோராக்கிப் போட்டாங்கள்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. காசோ மாலையோ அவர் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. அந்தப் பாட்டோடு தன் பெயரும் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதை வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

"பாட்டுக்குள்ளையே பேரைப் போடுங்கோ" என்றேன். இருபதாவதாக ஓர் அடி கட்டினார். இவ்வளவு தண்ணீருக்கும் பாடியவன் இந்த ஊர், இந்தப் பேர் என்று முடியும். திருவிழாக்களில் கடைசிவரை பாடினார். தோட்டங்களில் நடந்தது வேறு. 'தண்ணி காணும், போதும்' என்று ஒரு சத்தம் கேட்டால் துலா நிற்கும், பாட்டும் நிற்கும். பதினைந்தாவது அடிக்குள் வெங்காயம் வயிறு நிறையக் குடித்துவிடும்.

"முதலடியிலை போடுங்கோ."

"முதலடி பிள்ளையாருக்கு. அவரைத் தள்ளிப்போட்டு நான் நிக்கவோ?"

"அப்ப நடுவிலை."

"நடுவிலை போட்டால் பட்டை எண்ணிக்கை பிழையாய்ப் போம்."

"அப்ப பேரில்லாமல் இருங்கோ" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை கிட்ட வர, ஊரோடு எழும்பி நடந்தோம். அரிசி எடுத்தேன், காணி உறுதி எடுத்தேன், எங்கள் மகளின் உடுப்பும் பள்ளிக்கூடக் கொப்பிகளும் எடுத்தேன். தையல் மிசினுக்கு மேலே இருந்த பாட்டுக் கொப்பியை எடுக்கவில்லை. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாயை விரித்த பிறகுதான் நினைவு வந்தது. அவர் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுதி வைத்தாயிற்று என்ற தைரியத்தில் எதையும் மனதில் வைக்காத ஆள் அவர். எனக்கும் பார்த்துச் சொல்லித்தான் பழக்கம். அந்த அலைச்சலில் துலாப் பாட்டுக்கூட இரண்டு பேருக்கும் ஏழடிக்கு மேல் வரவில்லை. அதோடு அவர் பாடுவதை விட்டுவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் சனம் நாள் முழுக்க வரிசையில் நிற்கும். ஒருநாள் காலை, துலாவைப் பிடித்து எல்லாருக்கும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவன் எங்கள் பாட்டைப் பாடினான். வாளிகள் வந்துகொண்டேயிருந்தன, பாட்டும் நிற்கவில்லை. எட்டாவது அடி போனது, பன்னிரண்டாவது போனது. நான் அவருடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபதாவது அடியும் வந்தது. அதில் ஊர் பண்டத்தரிப்பு. பெயரும் இவருடையதல்ல.

"தம்பி, உது ஆரின்ரை பேர்?" என்று கேட்டேன்.

"என்ரை பேர்தான், அக்கா. கடைசியடியிலை இறைக்கிறவன் தன்ரை பேரைப் போடவேணும். எங்கடை பக்கம் அதுதான் முறை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷக் கோபமும் நாக்கு நுனியில் நின்றது. அவர் என்னை முந்திக்கொண்டார்.

"தம்பி, எட்டாவது அடியிலையிருந்து இன்னொருக்கால் பாடுவியோ? ஆறுதலாய், மெல்லமாய்" என்றார். என்னைப் பார்த்து, "நீர் எழுதும்" என்றார்.

ஓடிப்போய் மகளின் கணக்குக் கொப்பியை எடுத்து வந்து பின்பக்கத்தில் எழுதினேன். அவன் அள்ளிக்கொண்டே பாடினான். சில இடங்களில் சொல் மாறியிருந்தது. ஓரிடத்தில் அவர், "இது நான் கட்டினதிலும் நல்லாயிருக்கு" என்று என் காதுக்குள் சொன்னார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன். இருபதாவது அடி வந்ததும் நான் பேனையை நிறுத்தினேன். அவர் குனிந்து கொப்பியைப் பார்த்தார்.

"ஏன் நிக்கிறீர்? அவன் பாடினபடி எழுதும்."

அழுதுகொண்டே எழுதினேன், அந்தப் பிள்ளையின் ஊரையும் பேரையும்.