புகை போகிற பக்கம்

எங்கள் சபையில் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அந்த வாரம் வீட்டில் நன்றி சொன்ன காரியங்களில் ஒன்றை, பேர் போடாமல், சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். நாங்கள் ஆமென் சொல்வோம். என்னைப் போன்ற வாயாடிக்கு ஆராதனையிலேயே பிடித்த இடம் அதுதான். என் ஆமென் வாசல்வரை கேட்கும்.

எண்ணூரில் எங்கள் வீட்டிலும் தினம் இந்தப் பழக்கம் உண்டு. சாயங்காலம் விளக்கு போட்டதும் மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. கை கால் முழுசாகத் திரும்பி வந்ததற்கு நன்றி சொல்வார். எட்டு வயது மகளுக்கு வீசிங். அவள் நன்றி எப்போதும் காற்றுக்குத்தான்.

எங்கள் தெருவுக்கு வடக்கே ஒரு புகைபோக்கி நிற்கிறது. வாடைக்காற்று அடித்தால் புகை நேராக எங்கள் வீட்டுக்குள். தென்காற்று அடித்தால் அந்தப் பக்கம் போய்விடும். சனியன் தொலைந்தது என்று நிம்மதியாகச் சீட்டு எழுதிப் போடுவேன். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போன டிசம்பரில் வாடை நாலு நாள் விடாமல் அடித்தது. மகளுக்கு இழுப்பு. மருந்தை ஆவியாகக் கொடுக்கும் மெஷினை வைத்து, மாஸ்க்கை அவள் முகத்தில் அழுத்திப் பிடித்தே என் கை மரத்துப்போனது. அந்த ஞாயிறு பாஸ்டர் ஒரு சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"வாடைக்காத்து வந்ததுக்காக ஸ்தோத்திரம். நாலு நாளா கொழந்த இருமாம தூங்குது."

நான் ஆமென் என்றேன். வழக்கம்போல எல்லாரையும் விடச் சத்தமாக. சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகைபோக்கிக்கு வடக்கே குடியிருப்பவள். அவள் குழந்தைக்கும் வீசிங் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இத்தனை நாள் என் சீட்டுகளைக் கேட்டு அவளும் ஆமென் சொல்லியிருப்பாளோ?

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, என்மேலா, ஆண்டவர்மேலா என்று பிடிபடவில்லை. வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன்.

"இன்னா இது? ஒரே காத்துக்கு ரெண்டு பேரு எதிரும் புதிருமா ஸ்தோத்திரம் சொன்னா, ஆண்டவரு யாருத ஏத்துப்பாரு?"

"நன்றி சொல்லச் சொன்னாரு, சொல்றோம். வெசாரணை கமிஷனா வெச்சாரு? சோத்தப் போடு."

வியாழக்கிழமை காற்று திரும்பியது. மகள் தெருவில் ஓடி விளையாடினாள். எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, படாமல் இருக்கவும் தெரியவில்லை. மதியம் அந்த சிஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"எங்க மெஷினு பூட்ச்சு சிஸ்டர். இன்னிக்கு உங்க பொண்ணுக்குத் தேவப்படாதுல்ல? கொஞ்சம் குடுப்பியா?"

எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலிலேயே தொண்டை எரிந்தது. என் மகளின் மாஸ்க் அந்தக் குழந்தையின் முகத்துக்குப் பெரிசாக இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்திப் பிடித்தோம். குழந்தையின் மூச்சு சீரானதும் சிஸ்டர் கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இவங்க பொண்ணு நல்லா கீறதால மெஷினு கெடச்சுது. ஸ்தோத்திரம்."

என் மகள் ஏன் நன்றாக இருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை. எனக்கு ஆமென் வரவில்லை. இருமல்தான் வந்தது.

மெஷின் அவள் வீட்டிலேயே இருந்தது. அந்த ஞாயிறு நான் சீட்டு போடவில்லை. ஆராதனை முடிந்து நானும் அந்த சிஸ்டரும் வாசலுக்கு வந்தபோது எங்கள் இரண்டு பேரின் முந்தானையையும் காற்று தெற்கே இழுத்தது. அவள்தான் முதலில் கவனித்தாள். முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"காத்து திரும்பிகினு கீது சிஸ்டர். வா, மெஷின எடுத்துகினு பூடு."

மகளை அவள் அப்பாவோடு அனுப்பிவிட்டுப் போனேன். சிஸ்டர் வீட்டுப் பக்கம் வானம் பளிச்சென்று இருந்தது. குழந்தை வாசலில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தது. மெஷினைத் துடைத்துக் கையில் கொடுத்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த வாரம் நான் சீட்டு போடல சிஸ்டர்."

"போடு," என்றேன். "ஆமென் நான் சொல்றேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மெஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு, புகை போகிற பக்கமாகவே வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.