சேராங்கொட்டைத் தழும்பு

செல்லத்தாய் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயா. அவளுக்கு ஊர் அவனியாபுரம். நான் அதே ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊசி, அம்மை குத்தும் சின்னக் கத்தி எல்லாம் கழுவிக் கொதிக்கவைப்பது அவள் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில் பெரியம்மை பரவியது. தடுப்புக்கு அம்மை குத்திக்கொள்ளாத சிப்பந்திக்கு வேலை கிடையாது என்று பெரிய டாக்டர் உத்தரவு போட்டார்.

“நான் மாட்டேண்ணே. கத்தியைக் கழுவுறவளே நான்தானே? ஒரு கத்தி எம்புட்டுப் பேர் கையில ஏறி இறங்குதுன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் சொன்னதில் பொய்யில்லை. கூட்டம் சேர்ந்தால் கத்தியைக் கொதிக்கவைக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. அதற்காக அவள் செய்த காரியம் இருக்கிறதே! வண்ணான் துணிக்குக் குறிபோடும் சேராங்கொட்டைப் பாலைக் கையில் மூன்று இடத்தில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டாள். ஆறியதும் அசல் அம்மை குத்திய தழும்பேதான். எனக்குத் தெரியும். பாவம், பிழைப்பு போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் தழும்பைப் பார்த்தார். “பேஷ், நன்றாகப் பிடித்திருக்கிறது” என்று அவளையே அம்மைக் கொட்டகைக்கு அனுப்பினார். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். போனாள். பதினைந்தாம் நாள் அவளுக்கே முத்துப் போட்டது.

அவ்வளவுதான், குத்திக்கொள்ள நின்ற வரிசை கலைந்துவிட்டது. அத்தனை பேரையும் நீக்கினால் ஆஸ்பத்திரி எப்படி நடக்கும்? உத்தரவு மூலையில் கிடந்தது. செல்லத்தாயின் நாத்தனார் மலையம்மாளும் எங்களிடம்தான் கூட்டிப் பெருக்கினாள். “குத்திக்கிட்ட எங்க மதினிக்கே வந்திருச்சு, எனக்கெதுக்கு அந்தக் கத்தி?” என்று சொல்லிவிட்டு, கஞ்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

செல்லத்தாய் எழுந்து உட்கார்ந்து கத்தினாள். “அடி கூறுகெட்டவளே, இது சேராங்கொட்டைடி! நான் குத்திக்கிடவே இல்ல. இப்பவே ஓடிப்போய்க் குத்திக்க!”

“டாக்டரு சொல்லச் சொன்னாராக்கும்” என்று மலையம்மாள் சிரித்தாள். நான் எடுத்துச் சொன்னதையும் நம்பவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, என் மேலும்தான்.

மூன்று வாரத்தில் செல்லத்தாய்க்குப் பொருக்கு உதிர்ந்தது. அடுத்த கட்டிலில் மலையம்மாள் கிடந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. மருந்து கொண்டுபோனபோது அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

“மதினி, அன்னைக்கு நீங்க சொன்னது நெசமா? குத்தியிருந்தா தப்பிச்சிருப்பேனா?”

செல்லத்தாய் என்னை ஒருதரம் பார்த்தாள்.

“பொய்டி. டாக்டரு சொல்லச் சொன்னாரு. நானும் குத்திக்கிட்டவதான்.”

“ஆமா தாயி” என்றேன் நானும்.

மறுநாள் காலை மலையம்மாள் போய்விட்டாள்.