எங்கள் பக்கத்து ஆம்பளை கேஸ்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும், ஆம்பளைகள் வீட்டோடு இருப்பார்கள். அடுத்த ஆடி, ஆவணியில் பிரசவம் பார்த்தே எனக்கு உட்கார நேரம் இருக்காது. மரக்காணம் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் கண்டுகொண்ட கணக்கு இது ஒன்றுதான்.

மீட்டிங்கில் பெரிய டாக்டர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு முன்னோடிகள் என்று கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையில் ஓட்டுவார்கள். நான் கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் படத்தில் இருக்கிறவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்த முன்னோடி ஒரே ஒருத்தன்தான். உப்பளத்துக் கூலிக்காரன்.

எங்கள் பக்கம் ஆபரேஷன் என்றாலே பொம்பளைக்குத்தான். ரெண்டு பெற்றதும் அவளே கேட்டு வந்துவிடுவாள். ஆம்பளையிடம் பேச்சை எடுத்தால், "இன்னா நர்ஸம்மா, அப்புறம் நான் மூட்டை தூக்கறதா வாணாமா?" என்று சிரித்துக்கொண்டே நழுவுவான். அடுத்தவனைச் சொல்வானேன், என் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஊசியைப் பார்த்தாலே தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டார். வயிற்றில் தையல் போட்டுக்கொண்டு வந்தது நான்.

நான் சொன்ன உப்பளத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ரெண்டாவது பிரசவத்தில் மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரித்து, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தது பெரிய விஷயம். இன்னொரு கர்ப்பத்தை இந்த இதயம் தாங்காது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யவும் யோசித்தார்கள். காப்பர் டி வைத்தோம், ரத்தப்போக்கு நிற்காமல் எடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு வழி தெரியவில்லை. அப்போது அவனே சப்சென்டர் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அவளுக்கு வாணாம் நர்ஸம்மா. எனக்கே பண்ணிடுங்க" என்றான். என் சர்வீஸில் ஒரு ஆம்பளை தானாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

மார்கழி பிறக்கும்முன் ஆபரேஷன் முடிந்தது. தையல்கூட இல்லை, அன்று சாயந்திரமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். மூன்று மாசத்துக்குப் பழைய விந்தணுக்கள் உள்ளே இருக்கும், அதுவரைக்கும் ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் ஒரு டெஸ்ட். பாக்கெட்டுகளைக் கையில் திணித்தேன். வெட்கத்தில் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். மாடு தலையாட்டுகிற மாதிரி ஆட்டினானே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்லி என்ன.

அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விட்டார்களா? ஆண் கருத்தடை விழிப்புணர்வு விழா என்று மேடை போட்டு, அவனை ஏற்றி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். பேசினவர் அவனை "முன்னோடி" என்றார். வேணாம் சார், சின்ன ஊர் என்று எவ்வளவோ சொன்னேன், என் பேச்சு எடுபடவில்லை. அந்தப் போட்டோ அன்றைக்கே வாட்ஸப்பில் கூனிமேடு தாண்டிப் போய்விட்டது. மறுநாளிலிருந்து உப்பளத்தில் அவனுக்குப் பேரே பொன்னாடை. "டேய் பொன்னாடை, அந்த மூட்டையைத் தூக்குடா பாப்போம்." அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிக் காட்டுவான்.

மாசி மாசம் ஒரு நாள் அவன் பெண்டாட்டி வந்தாள். சின்னப் பையனை இடுப்பில் வைத்திருந்தாள், பேச முடியாமல் மூச்சு வாங்கினாள். "நாள் தள்ளிப் போச்சுக்கா." டெஸ்ட் பார்த்தேன். ரெண்டு கோடு.

அவனைக் கூப்பிட்டுவிட்டேன். "ஏம்பா, நான் குடுத்த பாக்கெட்டெல்லாம் என்ன ஆச்சு?"

"எல்லாம் செலவாயிடுச்சி நர்ஸம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். முகம் செத்துப்போயிருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஒழுங்காகத்தான் உபயோகித்திருக்கிறான், அப்படியும் எப்படி என்று எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் அவன் அம்மா தெருவில் இறங்கிவிட்டாள். "எம்புள்ளைக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே, கவர்மெண்ட்டே பொன்னாட போத்துச்சே! அப்ப இது யாருதாம்?" என்று குழாயடியில் நின்று கேட்டாள். உப்பளத்தில் கேலி வேறு: "பொன்னாடை வூட்ல விசேஷமாமே!" அவன் சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. வீட்டுக்குப் போனால் அவளிடம் பேச்சும் இல்லை.

எனக்கு ஊர்வாய் முக்கியமில்லை, அவள் உயிர்தான் முக்கியம். சீக்கிரம் கலைத்தால்தான் இதயம் தாங்கும், நாள் ஆக ஆக ஆபத்து என்று புதுச்சேரி டாக்டர் போனிலேயே சொன்னார். நாளைக்கே கிளம்பு என்றேன். அவள் அசையவில்லை.

"இத எடுத்துட்டா, தப்பு பண்ணிட்டு கலைச்சிட்டு வந்துட்டான்னுதான் பேசுவாங்க. அவரும் அப்படித்தான் நெனப்பாரு. மொதல்ல அவரு டெஸ்ட் எடுக்கட்டும். அவரோடதுன்னு தெரியட்டும். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"அடிப்பாவி, அதுவரைக்கும் நீ இருக்கணுமே!"

"இருக்கறேன் போங்க. பேரு கெட்டுப்போயி எத்தினி நாளு இருந்து என்னா?"

கெஞ்சினேன், திட்டினேன். ரெண்டு பிள்ளைகளையும் காட்டிப் பேசினேன். பிடித்த பிடியை விடவில்லை. சம்மதம் அவளுடையது, நான் தூக்கிக்கொண்டா போக முடியும்?

அவனைத் தேடிப் போனேன். உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு மோட்டார் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான். டெஸ்ட்டுக்கு வா என்றேன். சீசன் ஆரம்பித்துவிட்டது என்றான், லீவு கிடைக்காது என்றான், கப்பில் எடுத்துக் கொடுக்க அசிங்கமாக இருக்குது என்றான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மேடையில ஏறத் தெரிஞ்சுதே, இதுக்கு வெக்கமா உனக்கு? அவ செத்துடுவாடா!" என்று கத்தினேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். "டெஸ்ட்ல ஜீரோன்னு வந்துட்டா நான் இன்னா பண்றது நர்ஸம்மா?" என்றான். "தெரியாம இருந்தா அவள வீட்ல வெச்சிக்கினு இருந்துடுவேன். தெரிஞ்சிட்டா இருக்க முடியாதே."

அவனை வெறுக்க முடியவில்லை. ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாரும் என்னைத்தான் இழுக்கிறார்கள், எனக்கு இதெல்லாம் போதும், ரிடையர்மெண்ட் வாங்கிக்கொண்டு மகள் வீட்டில் போய் விழலாம் என்று இருந்தது.

ரெண்டு நாள் கழித்து அவளுக்கு பிபி பார்க்கப் போனேன். போன வருஷத்து உப்பை மூட்டை பிடிக்கிற கொட்டகையில் இருந்தாள். வேலைக்குப் போகாதே என்று சொன்னதைக் கேட்டால்தானே! கையை நீட்டு என்றேன். நீட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஏதோ ரப்பர் மாட்டி, அடியில் நூல் சுற்றியிருந்தது. கிளவுஸ் கிழிசல் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"என்னாடி இது?"

"விரலு வெடிச்சிப் போச்சுக்கா. உப்பு பட்டா உயிர் போவுது. பொங்கலுக்கு முன்னாடியே அவருதான் மாட்டிவிட்டாரு. நீங்க குடுத்ததுதான். தெனம் ரெண்டு ரெண்டு போடுவாரு. இதான் கடைசி, கழட்டிக் கழுவிப் போட்டுக்கறேன்."

நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவளுக்கு நான் ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்றே புரியவில்லை.

அவன் பாத்தியில் இருந்தான். வரப்பிலேயே நின்று கத்தினேன். "ஏண்டா மடையா, நான் எதுக்குடா குடுத்தேன் அத?"

"ஆபரேஷன்தான் ஆயிடுச்சே, அப்புறம் அது எதுக்குன்னு இருந்துட்டேன். அவ விரலு ரத்தமா இருந்துச்சி..."

மோட்டாரைக் காட்டினேன். "அத இப்ப நிறுத்து. நிறுத்தினப்புறமும் பைப்புல நிக்கிற தண்ணி வருமா வராதா?"

திரும்பிப் பைப்பைப் பார்த்தான். வாய் கோணியது. "வரும்" என்றான்.

மறுநாள் டெஸ்ட்டுக்கு வந்தான். கப்பை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனவன் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை, நான் வராண்டாவில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அணுக்கள் இருந்தன. குறைவுதான், ஆனால் உயிரோடு இருந்தன. லேப் டெக்னீஷியன் சொன்னதும் அவன் அந்த இடத்திலேயே என் காலில் விழுந்தான். "என் காலுல எதுக்குடா விழற? எங்க விழணுமோ அங்க போய் விழு" என்றேன்.

விழுந்தான். நான் பார்த்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவன் அம்மா பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என்னுதுதாம்மா! என்னுதுதான்!" என்று கத்தினான். பாவமாக இருந்தது.

அன்று ராத்திரியே புதுச்சேரிக்குக் கிளம்பினோம். இதய டாக்டரைக் கூட வைத்துக்கொண்டு கருவைக் கலைத்தார்கள். ஐசியூவில் ஒரு வாரம் படுத்திருந்தாள். அவன் வெளியே துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தான், டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டான். அவள் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் பிள்ளைகளைத்தான் கேட்டாள். அப்புறம் நான் எங்கே என்று கேட்டாள். அவனைக் கேட்கவில்லை.

வெயில் காலம் முடிவதற்குள் அவனுக்கு மறுபடி டெஸ்ட் எடுத்தோம். ஒன்றும் இல்லை, சுத்தமாக நின்றுவிட்டது. இதைச் சொல்லத்தான் நான் முட்டிவலியோடு அவள் வீட்டுக்கே போனேன். சந்தோஷமான சேதி ஒன்றை யாருக்காவது சொல்லி எனக்கும் ரொம்ப நாளாகியிருந்தது. அவள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இனிமே பயமே இல்லம்மா. அவனுக்கு ஜீரோ வந்துடுச்சி. நிம்மதியா இருங்க ரெண்டு பேரும்."

"சரிக்கா" என்றாள். செதிளைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"என்னாடி, சுரத்தே இல்ல?"

"பயந்தான் அப்பவே போயிடுச்சேக்கா" என்றாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே, அவரை அவங்கம்மா வீட்ல போயிப் படுத்துக்கச் சொல்லிட்டேன். சோறு போடறேன், துணி தொவைக்கறேன். அதுக்கு மேல எனக்கு முடியல."