எத்தனையாம் பிள்ளை

மெல்பேர்னுக்குப் போகும்போதெல்லாம் டிராமில் என் வயதுப் பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெயர் கேட்கத் துணிவு வராது.

சிட்னியில், லிட்கம்மில், சிறுவயதில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு உக்ரேனியக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய மகள் ஒக்ஸானா என் வகுப்புத்தான். எனக்கு வாய் திறக்கவே கூச்சம். அவளோ எனக்கும் சேர்த்துப் பேசுவாள். எனக்குக் கழிவறைக்குப் போகவேண்டும் என்றாலும் அவள்தான் கை உயர்த்துவாள்.

வருட நடுவில் ரிப்போர்ட் வந்தபோது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த காலத்தில், புள்ளி வரிசையில், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். இதில் அது இல்லை. நன்றாகச் சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தது.

“சிரிக்கிறதுக்கோ பள்ளிக்கூடம் அனுப்பினனான்? எத்தனையாம் பிள்ளையெண்டு கேட்டுக்கொண்டு வா.”

ஆசிரியையிடம் கேட்க எனக்கு எங்கே துணிச்சல்? வேலிக்கு மேலால் ஒக்ஸானாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “நான் பெர்ஷா, நீ த்ரூஹா,” என்றாள். நான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போவதுபோல அவளும் உக்ரேனிய மொழிப் பள்ளிக்குப் போவாள். பெர்ஷா என்றால் முதலாவது, த்ரூஹா என்றால் இரண்டாவது. அவர்கள் பாஷையில் மூன்றாவது என்ற சொல் மூன்றிலிருந்து வந்ததாம். முதல் இரண்டும் எண்ணிலிருந்து வரவில்லையாம். முன்னால் நிற்பவள் பெர்ஷா, அவளோடு கூட நிற்பவள் த்ரூஹா; தோழி என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வந்தது என்று அவளுடைய ஆசிரியர் சொன்னாராம். நாங்களும் ஒன்றாம் பிள்ளை என்று சொல்வதில்லை, முதலாம் பிள்ளை என்றுதான் சொல்வோம் என்றேன். அந்த வருடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஓடிப்போய், “ரெண்டாம் பிள்ளை அப்பா,” என்றேன். அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

“அப்ப முதலாம் பிள்ளை ஆர்?”

“பக்கத்து வீட்டு ஒக்ஸானா.”

அவர்களுடைய பாஷையில் அது தோழியைப் போன்ற சொல் என்று விளக்கப் பார்த்தேன்.

“தோழியாம்! முன்னுக்கு ஓடுறவளோட உனக்கென்ன விளையாட்டு? முதல்ல அவளை முந்து, பிறகு விளையாடு.”

“வேலியடிக்குப் போனா படிச்சதெல்லாம் கொட்டுண்டு போயிடுமோ?” என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டது எடுபடவில்லை.

அதன்பின் பின்னேரங்களில் கணக்குப் புத்தகத்தோடு யன்னலடியில் இருந்தேன். அப்பா சொன்னது பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு, இடைவேளைகளில் நூலகத்துக்குள் போய் இருந்தேன். வீட்டில் படிக்கும்போது வேலிக்கு அப்பால் பந்து சுவரில் படும் சத்தம் கேட்கும். திடீரென்று நிற்கும். அவள் எங்கள் யன்னலைப் பார்க்கிறாள் என்று தெரியும். தலை நிமிரமாட்டேன். கெதியாக முதலாம் பிள்ளை ஆனால் கெதியாக விளையாடலாம் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் விடுமுறையில் அவர்கள் மெல்பேர்னுக்குக் குடிபெயர்ந்தார்கள். புறப்படும்போது அவள் வந்து மணியடித்தாள். அப்பாதான் கதவைத் திறந்தார். “படிக்கிறா,” என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். எனக்கு இன்னும் ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. அதை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கார் போயிருந்தது.

வருடக் கடைசியில் அப்பா மறுபடி கேட்டார். எனக்கு முன்னால் நின்றவள் இப்போது இல்லை. “முதலாம் பிள்ளை,” என்றேன்.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் விக்கி விக்கி அழுதேன். பிள்ளை சந்தோசத்தில் அழுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னார். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.