நூற்று இருபது பேருக்குப் பருப்பு

பட்டாளத்தில் சமைத்தவனுக்குச் சண்டை என்றதும் வரும் முதல் கேள்வி, எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதுதான். பதினேழு வருடம் அங்கே கரண்டி பிடித்துவிட்டு, இப்போது மாமல்லபுரத்தில் பஸ் நிற்கும் இடத்தருகே நாஸ்தா கடை வைத்திருக்கிறேன். மனைவி இல்லை. ஒரே மகன் ஸ்டீபன் பட்டாளத்தில் டிரைவர். பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றவர்களே, நம் அவஸ்தை நமக்குத்தான் தெரியும். கேளுங்கள்.

கை செய்த தப்பு

மருமகள் ஜெனிஃபருக்கு ஏழாம் மாதம். வயிற்றில் தண்ணீர் குறைவாக இருக்கிறது, ஸ்கேன் எதையும் தவறவிடக்கூடாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே லீவில் வந்த ஸ்டீபனை நாலாம் நாளே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். "அவளத் தனியா வுட்டுடாதப்பா" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

அடுத்த வாரம் ஒரு காலையில், சண்டை தொடங்கிவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே பருப்பை அளந்து போட்டேன். கடைச் சாம்பாருக்கு ஒன்றரைக் கிலோ போதும். ஐந்து கிலோ போட்டிருக்கிறேன். பட்டாளத்தில் ஒரு கம்பெனிக்கு, அதாவது நூற்று இருபது பேருக்கு, நான் போட்டுப் பழகிய அளவு அது. குண்டானை எட்டிப் பார்த்த ஜெனிஃபர் கேட்டாள்: "இன்னா மாமா, இம்மாம் பருப்ப யாருக்குப் போட்டுகினு கீறீங்க?"

சண்டை போடாதவன்

ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன்கள் நாலு பேர் பைக்கில் வந்தார்கள். கேட்ட வெண்பொங்கல் மேசைக்கு வருவதற்குள் பேச்சிலேயே எதிரியை இரண்டு முறை தோற்கடித்துவிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த என் சீருடைப் படத்தைப் பார்த்ததும் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். மலையில் நடந்த சண்டையில் இருந்தீர்களா என்றான். இருந்தேன், அடிவாரத்தில் சப்பாத்தி போட்டு மேலே அனுப்பினேன் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது, பாவம். மெதுவாக உட்கார்ந்துகொண்டு கேட்டான்: "சண்டை போட்டவங்க யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா அங்கிள்?"

ஐந்து பெட்டி பிஸ்கட்

ஏகாம்பரம் எனக்குத் தம்பி மாதிரி. கல் பட்டறை வைத்திருக்கிறார், காலை டீ என் கடையில்தான். காரில் கொடி கட்டி, ஐந்து பெட்டி பிஸ்கட்டை இறக்கி, "ஜவானுங்களுக்கு எப்டி அனுப்புறது?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அங்கே போகிற பாதையில் குண்டும் மருந்தும் போகவே இடமில்லை, உன் பிஸ்கட் ஏதாவது ஸ்டேஷனில் கிடந்து நமுத்துப்போகும் என்று கத்திவிட்டேன்.

பிறகு மனசு கேட்காமல் ஒன்று சொன்னேன். நான் மலையடிவாரத்தில் இருந்தபோதுதான் ஸ்டீபன் பிறந்தான். எதிர்வீட்டு அக்கா என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் கூடவே இருந்தாள் என்று கடிதம் வந்தது. அதுவரை சப்பாத்தியைக் கருக்கிக்கொண்டே இருந்தவன், அன்றைக்குத்தான் ஒழுங்காகப் போட்டேன். சுற்றுவட்டாரத்தில் பிள்ளையை அனுப்பிய வீடுகள் இருக்கின்றன, போய் என்ன வேலை கிடக்கிறது என்று கேள் என்றேன். ஏகாம்பரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது சரி அண்ணாத்த, அத்தப் போட்டோ புடிச்சி குரூப்ல போட முடியாதே!"

மீந்த பருப்பு

சண்டை தொடங்கிய அன்றே அணைந்த ஸ்டீபனின் போன் ஒன்பது நாள் அப்படியே கிடந்தது. முன்னால் நகரும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பயப்படாதே என்று முதல் நாள் காலையிலேயே ஜெனிஃபரிடம் சொன்னேன். அது உண்மைதான். சொல்லாத உண்மையும் ஒன்று இருந்தது. மலைச் சண்டையில் ஒருநாள் நூற்று இருபது பேருக்குச் சமைத்து அனுப்பினேன். பதினோரு பேர் சாப்பாடு திரும்பி வந்தது. கொண்டுவந்தவன் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் கேட்கவில்லை. அன்று முதல் பாத்திரத்தில் எதையும் மீதி வைக்க மாட்டேன்.

அதனால்தான் முதல் நாள் போட்ட அந்த ஐந்து கிலோ பருப்பையும், பட்டறை ஆட்களுக்கும் மீன் விற்கிறவர்களுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றினேன். கடைசியில் குண்டானை வழிக்கும்போது ஜெனிஃபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "முழுசா வழிக்காதீங்க மாமா, அவருக்குன்னு ஒரு கரண்டி இருக்கட்டும்" என்றாள்.

ஸ்கேன் நாள்

ஆட்டோவில் நானே கூட்டிப்போய்விடுவேன். ஆனால் உள்ளே துணைக்குப் பெண்களைத்தான் விடுவார்கள், எங்கள் வீட்டில் வேறு பெண் இல்லை. போன தடவை தனியாக உள்ளே போய்வந்தவள் வெளியே வந்து விம்மினாள். ஸ்டீபனுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை, கிளம்பும் நேரத்தில் ஏகாம்பரத்தின் கார் வாசலில் நின்றது. கொடி இல்லை. உள்ளே அவர் மனைவி, மடியில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிஸ்கட் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் எடுத்தவர்கள், வயிற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மறுநாள் மதியம் ஸ்டீபன் பேசினான். யாருடைய போனோ. சண்டையைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்கேனுக்கு யார் கூடப் போனது என்றுதான் கேட்டான். சொன்னேன். "அப்போ சரிப்பா, இனிமே ரோட்ட மட்டும் பாத்து ஓட்டுவேன்" என்றான்.

சண்டையைப் பற்றி இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பருப்பு மட்டும் தினமும் ஒரு கரண்டி கூடுதலாகவே வேகிறது.