சுத்தியல் இல்லாத பாட்டு

என் கணவருக்குக் காது மந்தமாகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. ராயபுரத்தில் எங்கள் மாதா கோவில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பெண் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னைப் படிக்கட்டு ஓரமாக அழைத்துப்போய், "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு ஆரம்பிச்சு ரெண்டாவது வரியிலதான் அங்கிள் வந்து சேர்றாரு. நாலு வாரமா பாக்குறேன்" என்றாள். அவருக்குக் கொஞ்சம் உடம்பு அசதி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன். நான் எதையும் இரண்டு தடவை சொல்வது எப்போது பழக்கமானது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். பட்டறை என்றால் சின்னது இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் ஆளைவிட உயரமான இயந்திரச் சுத்தியல் வந்து விழும். அது விழுந்தால் எதிர்ப்பக்கத்து கேன்டீனில் டீ கிளாசுக்குள் அலை எழும் என்பார். இருபத்தேழு வருடம் அதன் பக்கத்திலேயே நின்றார். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். போட்டால் வியர்த்து வழிகிறது, அடி சரியாக விழுந்ததா என்று சத்தத்தில்தான் தெரியும் என்று சொல்லி, பாதி நாள் அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் சத்தமாகப் பேசுவார். எங்கள் தெருவில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம். துறைமுகத்து லாரிகளுக்கு மேலே குரல் எழுப்பினால்தான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் அவர் குரல் உயர்ந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

மேண்டலின் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வரும். கோவிலில் வாசிப்பார், கிறிஸ்துமஸ் கீதம் பாட வீடு வீடாகப் போகும்போது வாசிப்பார். அதோடு நின்றிருக்கும். மாலுமிகள் வந்து தங்கும் கிளப் ஒன்றில் வேலை பார்த்த அவருடைய தோஸ்து ஒருவர், யாரோ ஒரு கப்பல் சமையற்காரர் விட்டுவிட்டுப் போன சிடிகளை ஒரு பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்றைப் போட்ட இவர் அன்று சாப்பிட எழுந்திருக்கவில்லை. அமெரிக்க மலைக்காரர்களின் பாட்டு, ப்ளூகிராஸ் என்று பெயர். பேஞ்சோ, வயலின், கிட்டார், மேண்டலின், ஆளுயரத்துக்கு ஒரு பேஸ். எல்லாம் கம்பி வாத்தியம். குரல்கள் மூக்கிலிருந்து வருவது போல மேலே மேலே ஏறும்.

என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இதுல டிரம்ஸே கெடையாது, பாத்தியா? நாள் பூரா சுத்தியலக் கேட்டுகினு வரேன். இதுல சுத்தியலே இல்ல" என்றார்.

டிரம் செய்ய வேண்டிய வேலையை இந்தப் பாட்டில் மேண்டலின்தான் செய்யும், கம்பியை அமுக்கிப் பிடித்துச் சக் சக்கென்று வெட்டும் என்று வாசித்தும் காட்டினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பத்து வருடம் எங்கள் ஒரே அறையில் அந்தப் பாட்டுகள் ஓடின. முதலில் சிடியில், அப்புறம் போனில். சத்தத்தைக் குறைங்க என்று நான் சொன்ன தடவைகளுக்குக் கணக்கே இல்லை. அவர் குறைக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

காது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்று அந்த டாக்டரம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராகப் போய்க் கடைசியில் பள்ளத்தில் விழுந்தது. எவ்வளவு நாள் தாங்கும் என்று மட்டும் இவர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். காது மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டோம். பாடற்குழுவிடம் ஷிப்டு மாறிவிட்டது, இனி வர முடியாது என்று இவரே போய்ச் சொல்லிவிட்டார். அவர்கள் நம்பியது போலக் காட்டிக்கொண்டார்கள்.

எங்கள் மகள் பெங்களூரில் வேலை செய்கிறாள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் ப்ளூகிராஸ் விழா நடக்கப்போகிறது என்று அவள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். நம்ம ஊர் ஆட்களும் வாசிக்கிறார்கள், அமெரிக்காவிலிருந்தும் ஒரு குழு வருகிறது, கேட்க வருகிறவர்களும் வாத்தியம் கொண்டுவந்து கூட வாசிக்கலாம் என்றாள். இவர் வேண்டாம் என்றார். காது இல்லாதவனுக்கு எதற்கு அதெல்லாம் என்றார். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து, "போறதுன்னா இப்பவே போயிடணும். அடுத்த வருசம்னு தள்ளக் கூடாது" என்றார். மேண்டலினுக்குப் புதுக் கம்பி மாற்றினார்.

சேலம்வரை ரயில். அங்கே மகள் வந்து சேர்ந்துகொண்டாள். மலைக்கு பஸ் ஏறினோம். வளைவுகளில் திரும்பத் திரும்ப எனக்குக் காது அடைத்தது. மகள் மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். இவர் எங்களைப் பார்த்து என்ன என்று கேட்டார். மேலே போகப் போக எல்லோருக்கும் காது அடைக்கும் டாடி என்று அவள் கையைக் காட்டிச் சொன்னாள். இவர் திரும்பி பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாருக்குமா?" என்று கேட்டார். பிறகு சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் மனதாரச் சிரித்தது அப்போதுதான்.

தோட்டத்தில் ஒரு சரிவான புல்வெளி, கீழே மேடை. மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. குளிருக்குப் பழக்கமில்லாத நாங்கள் கம்பளியைத் தலையோடு போர்த்தி உட்கார்ந்தோம். சுற்றிலும் பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகள், வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர். மேடையில் ஒரே ஒரு மைக் நின்றது. இவருக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய முறையில் எல்லோரும் அந்த ஒரே மைக்கைச் சுற்றித்தான் நிற்பார்கள், யார் முறை வருகிறதோ அவர் முன்னால் வருவார், மற்றவர் ஒதுங்குவார், ஒருத்தர்மேல் ஒருத்தர் இடிக்கவே மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

மாலை நான்கு மணி வாக்கில் முதல் குழு ஏறியது. அவர் சொன்ன மாதிரியே வந்தார்கள், ஒதுங்கினார்கள். இவர் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது. காதிலிருந்த மெஷினைத் திருகிப் பார்த்தார், பிறகு கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த மெஷின் பேச்சுக்குச் சரி, பாட்டை அது தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல ஆக்கிவிடும் என்று பிறகு சொன்னார்.

மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"இன்னா பாட்டு வாசிக்கிறாங்கோ?"

எனக்குத் தெரியவில்லை. கேட்ட பாட்டாகத்தான் இருந்தது. துணி மடிக்கும்போது, அரிசி புடைக்கும்போது, அவரைத் திட்டும்போது எல்லாம் பின்னால் ஓடிய பாட்டு. பெயர் தெரியாது, எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியாது. மகளைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியவில்லை. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"பத்து வருசமா ஒரே ரூம்ல கேட்டுகினு கீற. ஒண்ணுகூடத் தெரிலியா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நானும் கூடச் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்திருக்கிறார். அதற்கப்புறம் அன்று அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாசிப்பவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மூடுபனி விலகியதும் மரத்தடிகளில் பத்து பத்து பேராக வட்டம் கட்டி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மேண்டலினை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரு வட்டத்தில் போய் உட்கார்ந்தார். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா பேஸ் வைத்திருந்தார். அந்தக் கை எதிரே தெரிகிற மாதிரி இவர் இடம் பிடித்தார். நானும் மகளும் சற்றுத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தோம். அந்த அம்மாவின் கை கீழே இறங்கும், இவருடைய கை உடனே சக் என்று வெட்டும். இரண்டு பாட்டு அப்படியே போனது. எங்கேயும் பிசகவில்லை. வட்டத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கிட்டார் வைத்திருந்த பையன் ஒருவன் இவருக்குக் கட்டை விரலைக் காட்டினான்.

மூன்றாவது பாட்டில் இவரைத் தனியாக வாசிக்கச் சொல்லிச் சைகை செய்தார்கள். இவர் வாசித்தார். எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்தக் கை போன வேகமும் அது நின்று திரும்பிய அழகும் எனக்குப் புரிந்தது. வாசிக்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார். கோவிலிலும் நன்றாக வரும் நாளில் அப்படித்தான் மூடுவார்.

அவர் முறை முடிந்தது, பாடுகிறவர் கடைசி அடியைப் பாடினார், எல்லோரும் சேர்ந்து முடித்தார்கள். இவர் மட்டும் நிறுத்தவில்லை. கண் மூடியபடி வாசித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கிருந்தோ நாய் குரைத்தது. ஒற்றை மேண்டலின் மட்டும் அந்த மரத்தடியில் ஒலித்துக்கொண்டிருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எழுந்து மூன்று எட்டு வைத்தால் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் பார்த்த முகம் அது. அதைக் கலைக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் அப்படி விட்டதனால் அவர் கண்ணைத் திறந்தபோது இத்தனை பேரும் சும்மா உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதைத் தானே காண வேண்டியிருந்தது. எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் கை நின்றது. அந்த வெள்ளைக்கார அம்மா உடனே பேஸை நிமிர்த்தி, அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். மற்றவர்களும் எதுவும் நடக்காத மாதிரி சேர்ந்துகொண்டார்கள். இவரும் வாசித்தார், இம்முறை அந்த அம்மாவின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல். பாட்டு முடிந்த இடத்தில் சரியாக முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இவர் எழுந்து வட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். மேண்டலினை உறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எங்களிடம் வந்தார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மகள் காப்பி வாங்கப் போனாள். இவர் காதில் மெஷினை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரம் நான் மட்டும் வாசிச்சிகினு இருந்தேன்?"

கொஞ்ச நேரந்தான் என்றேன்.

"பொய் சொல்லாத."

"ஒரு பாட்டு அளவுக்கு இருக்கும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எதிரே பள்ளத்தாக்கில் பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்த விதத்தில், இவளுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் இருந்ததோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அந்த வருட மழைக்காலத்துக்குள் இடது காதும் போய்விட்டது. மெஷினாலும் பயன் இல்லை. பட்டறையில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சாமான் கேட்டு வருகிறவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டில் நான் ஸ்லேட்டு வைத்திருக்கிறேன். அதில் மார்க்கெட்டுப் போகணும், கேஸ் வந்தது, பாப்பா போன் பண்ணினாள் என்று எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அவருடைய போனில் இருந்த பாட்டுகளை என் போனுக்கு மாற்றித் தரச் சொன்னேன், மகள் மாற்றித் தந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை. போகும்போதும் வரும்போதும் கேட்கிறேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். அவர் வாசித்துக்கொண்டே போன பாட்டு எது என்றும் தெரியும். அதை ஸ்லேட்டில் எழுதிக் காட்டலாமா என்று ஒரு நாள் சாக்பீசை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் வருவதில்லை. வார நாளில் விடியற்காலைப் பூசைக்குப் போகிறார். அதில் பாடற்குழு கிடையாது, பாட்டும் கிடையாது. பத்து பதினைந்து பேர் வந்து ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் பின்னால் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் எழும்போது எழுந்தார், மண்டியிடும்போது மண்டியிட்டார். எல்லோரையும் போலவே இருந்தார்.